எப்போது சூடாகிறது என்று யாரும் கேட்கவில்லை

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். 11-வது வளைவைத் தாண்டியதும் ஓரமாக ஒரு 2006 மாடல் மாருதி 800 நிற்கிறது. பானெட் திறந்திருக்கிறது. உள்ளேயிருந்து குபுகுபுவென்று ஆவி. பின் சீட்டில் 80 வயதைத் தாண்டிய ஒரு பாட்டி, முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கிறார். அவருடைய மருமகன், ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியர், கையில் தண்ணீர் பாட்டிலோடு என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கிறார்.

மாதம் ஒருமுறை பாட்டியைக் கீழே சேலத்துக்கு அழைத்து வந்து டாக்டரிடம் காட்டிவிட்டு, மறுபடி மேலே வீட்டில் கொண்டுபோய் விட வேண்டும். "மாப்பிள்ளை, பஸ் வந்தா கை காட்டுங்க, நான் ஏறிக்கிறேன்" என்கிறார் பாட்டி. முழங்கால் வலியால் அவரால் பஸ் படி ஏற முடியாது என்பது இரண்டு பேருக்குமே தெரியும். அந்தக் குடும்பத்துக்கு அந்தக் கார் ஆடம்பரம் இல்லை. டாக்டருக்கும் வீட்டுக்கும் நடுவில் இருக்கிற ஒரே வழி.

இதில் கொடுமை என்னவென்றால், இது நாலு மாதத்தில் நாலாவது தடவை! ஒவ்வொரு தடவையும் ஒர்க்ஷாப்புக்குப் போனார். ஒவ்வொரு தடவையும் ஏதோ ஒன்றைச் செய்தார்கள், பணமும் கொடுத்தார்.

முதல் மாதம்: "நம்ம ஊரு வெயிலுக்குத் தெர்மோஸ்டாட் எல்லாம் எதுக்கு சார்" என்று அதைக் கழற்றி எறிந்துவிட்டு, போர் தண்ணீரை ஊற்றி அனுப்பினார்கள். 300 ரூபாய்.

இரண்டாவது மாதம்: வாட்டர் பம்ப் மாற்றினார்கள். 2,200 ரூபாய்.

மூன்றாவது மாதம்: ரேடியேட்டரே புதுசு. 4,500 ரூபாய்.

நாலாவது மாதம்தான் மேலே சொன்ன காட்சி. திரும்பத் திரும்பக் கொதித்ததில் ஹெட் கேஸ்கட் போய்விட்டது. அலுமினிய ஹெட்டும் லேசாக வளைந்துவிட்டது. கழற்றி, லேத்தில் கொடுத்து பேஸிங் போட்டு, புது கேஸ்கட் வைத்து மாட்ட 15,000 ரூபாய். ஆக மொத்தம் 22,000.

கடைசியில் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ரேடியேட்டர் வேலை செய்யும் ஒரு பெரியவர்தான் அந்தக் கேள்வியைக் கேட்டார். "எப்ப சார் சூடாகுது? நிக்கறப்பவா, ஓடறப்பவா, ஏர்றப்பவா?" ஆசிரியர் யோசித்துச் சொன்னார்: "ஏறும்போது மட்டும்தான். டவுன்ல ஒரு தொந்தரவும் இல்ல." பெரியவர் ரேடியேட்டர் மூடியைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். ரப்பர் வெடித்திருந்தது. ஸ்பிரிங் தொளதொளவென்று இருந்தது. புது ரேடியேட்டரின் தலையில் பழைய மூடியையே மாட்டி அனுப்பியிருக்கிறார்கள்!

புது மூடியின் விலை 200 ரூபாய்.

மூடிக்குள் என்ன இருக்கிறது?

"ஒரு மூடிக்கு இவ்வளவு பவரா?" என்று தோன்றும். கொஞ்சம் இயற்பியல் பார்ப்போம், பயப்பட வேண்டாம்.

பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் சக்கரத்தைச் சுற்றப் பயன்படுகிறது. இன்னொரு பங்கு சைலன்சர் வழியாகப் போகிறது. மிச்சத்தில் பெரும்பகுதி இன்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரின் தலையில் விழுகிறது. அந்தத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், கொதிக்கவே கூடாது. கொதித்து ஆவியானால் வெப்பத்தைப் பிடித்துக்கொண்டு போக ஆளில்லை.

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். மேலே போகப் போக அது குறையும். சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஏற்காட்டில் 95 டிகிரியிலேயே கொதித்துவிடும். மலையேறும் இன்ஜினுக்குள் ஓடும் தண்ணீர் 95 டிகிரியைத் தொடுவது சர்வசாதாரணம். அப்படியென்றால் எந்தக் காரும் மலையேறவே முடியாதே?

அங்கேதான் மூடி வருகிறது. அது வெறும் மூடி இல்லை, பிரஷர் குக்கரின் வெயிட் மாதிரி. ஸ்பிரிங் வைத்த ஒரு வால்வு உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைக்கிறது. இந்த மாதிரிக் கார்களின் மூடி மேல் 0.9 என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். அந்த அளவு அழுத்தத்தில் வெறும் தண்ணீர்கூட 118 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ரப்பர் வெடித்தால் அந்தப் பாதுகாப்பு முழுவதும் போச்சு. சமவெளியில் ஓட்டும்போது தெரியாது. மலையில்தான் காட்டிக்கொடுக்கும்.

மூடியில் இன்னொரு சின்ன வால்வும் உண்டு. இன்ஜின் ஆறும்போது ரிசர்வ் டேங்கிலிருந்து தண்ணீரைத் திரும்ப உள்ளே இழுக்க விடுவது அதன் வேலை. அது பழுதானால் போன தண்ணீர் திரும்பி வராது. ரிசர்வ் டேங்க் நிரம்பி நிற்கும், ரேடியேட்டர் காலியாக இருக்கும். ஆசிரியர் நாலு மாதமும் காலையில் பானெட்டைத் திறந்து ரிசர்வ் டேங்கைப் பார்த்து "தண்ணி புல்லா இருக்கு" என்று திருப்தியாகக் கிளம்பியிருக்கிறார். ஆறிய இன்ஜினில் ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்திருந்தால் அன்றைக்கே விஷயம் முடிந்திருக்கும்.

ஒவ்வொரு மெக்கானிக்கும் வேலை முடிந்ததும் வண்டியை ஓட்டிப் பார்த்தார்தான். எங்கே? ஐந்து ரோடு வரைக்கும் போய்த் திரும்பினார். சமவெளியில் அது எப்படிக் கொதிக்கும்?

"எப்போது" என்பதுதான் முதல் கேள்வி

காய்ச்சல் என்று போனால் டாக்டர் உடனே ஊசியை எடுப்பதில்லை. காலையிலா, சாயங்காலமா, குளிரோடு வருகிறதா என்று கேட்கிறார். இன்ஜினும் அப்படித்தான். சூடு ஒரு நோய் இல்லை, அது அறிகுறி. எப்போது வருகிறது என்பதிலேயே பாதி பதில் இருக்கிறது.

1. சிக்னலில் நின்றால் முள் ஏறுகிறது, ஓட ஆரம்பித்தால் இறங்குகிறது: ஓடும்போது காற்று தானாக வந்துவிடுகிறது, நின்றால்தான் மின்விசிறி வேண்டும். சந்தேகம் விசிறி மேல்தான் போக வேண்டும். பியூஸ், ரிலே, தெர்மோ ஸ்விட்ச், மோட்டார் என்று வரிசையாகப் பார்க்கலாம். ஸ்விட்சின் வயரை நேரடியாக இணைத்தால் விசிறி சுற்றுகிறது என்றால் மோட்டார் நல்லாயிருக்கிறது, ஸ்விட்ச்தான் அவுட். ஐந்து நிமிட வேலை.

2. டவுனில் சரி, ஹைவேயில் வேகம் பிடித்தால் ஏறுகிறது: காற்று தாராளமாக இருக்கிறது, தண்ணீர் ஓட்டம்தான் போதவில்லை. ரேடியேட்டருக்குள் உப்புப் படிந்து அடைத்திருக்கலாம். வீட்டில் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சமாச்சாரம்தான். பம்ப் தேய்ந்திருக்கலாம். கீழே இருக்கும் ரப்பர் ஹோஸ் மெலிந்து, வேகத்தில் உள்பக்கமாக ஒட்டிக்கொள்ளலாம்.

3. காலையில் ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே ஏறுகிறது: முதலில் ரேடியேட்டரில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், தெர்மோஸ்டாட் மூடியபடி மாட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது உள்ளே ஏர் லாக் இருக்கலாம். மேல் ஹோஸ் கொதிக்கிறது, கீழ் ஹோஸ் ஜில்லென்று இருக்கிறது என்றால் தண்ணீர் சுற்றவில்லை என்று அர்த்தம்.

4. முள் ஏறும்போது கூடவே பேட்டரி விளக்கும் எரிகிறது: பெல்ட் அறுந்திருக்கிறது. மாருதி 800-ல் ஆல்டர்னேட்டரையும் வாட்டர் பம்ப்பையும் சுற்றுவது ஒரே பெல்ட்.

5. வெளியே ஒரு சொட்டு ஒழுகவில்லை, ஆனால் தண்ணீர் குறைந்துகொண்டே போகிறது: இது கவலைப்பட வேண்டிய கேஸ். சைலன்சரில் விடாமல் வெள்ளைப் புகை, ஆயில் மூடியின் அடியில் மோர் மாதிரிப் பசை, ரேடியேட்டரில் குமிழ் குமிழாகக் காற்று... இதெல்லாம் ஹெட் கேஸ்கட்டைக் காட்டும் அறிகுறிகள். இதை உறுதி செய்ய ஒரு நீல நிறத் திரவ டெஸ்ட் இருக்கிறது. ரேடியேட்டரிலிருந்து வரும் காற்றை அதன் வழியாக இழுத்தால், எரிந்த வாயு கலந்திருக்கும்போது நீலம் மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றாமலேயே தெரிந்துவிடும்.

இது எதையுமே செய்வதற்கு முன் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். உண்மையிலேயே சூடாகிறதா, இல்லை முள் பொய் சொல்கிறதா? சென்சார் கெட்டாலும் முள் ஏறும். முள் உச்சிக்குப் போய்விட்டுத் திடீரென்று கீழே விழுந்தால் "அப்பாடா, ஆறிடுச்சு" என்று நினைக்கக் கூடாது. தண்ணீர் தீர்ந்துபோய் சென்சார் வெறும் ஆவியில் நிற்கிறது என்றும் அர்த்தமாகலாம்.

மேலே சொன்ன சோதனைகளில் பலவற்றுக்கு உதிரிபாகச் செலவே இல்லை, நேரம்தான் செலவு. குறைந்த செலவில் முடிவதை முதலில், அதிகச் செலவு பிடிப்பதைக் கடைசியில் என்று போனால் பாதி வண்டிகள் முதல் அரை மணி நேரத்திலேயே சரியாகிவிடும். ஆசிரியரின் காரில் நடந்தது அதற்கு நேர் எதிர். 200 ரூபாய்ப் பொருளைக் கடைசியாகப் பார்த்தார்கள்.

தெர்மோஸ்டாட் பாவம்

நம்மூரில் எந்தக் கார் சூடானாலும் முதல் பலி தெர்மோஸ்டாட்தான். "இது குளிர் நாட்டுக்காரனுக்கு, நமக்குத் தேவையில்லை" என்ற வாதம் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தப்பு.

தெர்மோஸ்டாட் வெளி வெயிலைப் பார்ப்பதே இல்லை. அதற்குள் இருக்கும் மெழுகு 82 அல்லது 88 டிகிரி மாதிரி ஒரு வெப்பத்தில் விரிந்து வழி திறக்கும். எந்த டிகிரி என்று அதன் மேலேயே பொறித்திருப்பார்கள். சேலத்துச் சித்திரை வெயில் 40 டிகிரி என்றாலும் அது 82-ல் பாதிகூட இல்லை. ஆகவே இங்கேயும் இன்ஜின் சீக்கிரம் தன் சரியான சூட்டுக்கு வந்து அங்கேயே நிற்க அது வேண்டும். கழற்றிவிட்டால் இன்ஜின் சூடாக நேரமாகும், பெட்ரோல் கூடக் குடிக்கும், தேய்மானமும் கூடும். எல்லாவற்றையும் விட மோசம், உண்மையான கோளாறைக் கொஞ்ச நாளைக்கு அது மறைத்துவிடும்.

கெட்டுவிட்டதா என்று சந்தேகமா? கழற்றி ஒரு பாத்திரத் தண்ணீரில் போட்டு அடுப்பில் வைத்து, கூடவே ஒரு தெர்மாமீட்டரும் வைத்துப் பார்த்தால் போதும். எழுதியிருக்கிற டிகிரியை ஒட்டித் திறந்தால் நல்லது. திறக்காவிட்டால் புதுசு மாற்ற வேண்டியதுதான். கழற்றி எறிவது வைத்தியம் இல்லை.

யார் மேல் தப்பு?

ஆசிரியரின் வீட்டில் எல்லோரும் மெக்கானிக்குகளைத் திட்டினார்கள். "ஏமாத்திட்டாங்க!" உண்மையிலேயே ஏமாற்றினார்களா?

அவர்கள் பக்கம் நின்று யோசித்துப் பாருங்கள். ஒரு வண்டியைச் சூடாக்கி, ஆறவிட்டு, மறுபடி சூடாக்கி, மலைப்பாதை வரைக்கும் ஓட்டிப் பார்க்க அரை நாள் ஆகும். அதற்குப் பிறகு "மூடிதான் சார் போயிருக்கு" என்று சொன்னால் கையில் என்ன கிடைக்கும்? மூடிக்கு 200, கூலி என்று ஒரு 50. "மூடி மாத்த அரை நாளா?" என்று வண்டிக்காரரே சண்டைக்கு வருவார். அதுவே பம்ப் மாற்றினால் பில்லில் ஒரு பொருள் இருக்கும், கூலி இருக்கும், பழைய பம்ப்பைக் கையில் கொடுத்து "பாருங்க சார்" என்று காட்டவும் முடியும். கேள்வி கேட்காமல் பணம் வந்துவிடும்.

கண்டுபிடிப்பதற்கு நாம் கூலி கொடுப்பதில்லை. மாற்றுவதற்குத்தான் கொடுக்கிறோம். எதற்குக் காசு கொடுக்கிறோமோ அதுதான் நமக்குக் கிடைக்கும். இது காமர்ஸ் முதல் வருடப் பாடம்!

பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரைக்கு உதாரணமே பழைய கார்கள்தான். விற்கிறவனுக்குத் தெரிந்தது வாங்குகிறவனுக்குத் தெரியாவிட்டால் சந்தை எப்படிக் கெட்டுப்போகும் என்று காட்டினார். 2001-ல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கும் இந்த வகை ஆராய்ச்சிதான் காரணம். 1973-ல் மைக்கேல் டார்பி, எடி கார்னி என்ற இருவர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். சில சேவைகளைக் காசு கொடுத்து வாங்கி முடித்த பிறகும், அது தேவைதானா என்று வாங்கியவனுக்குத் தெரியாது என்றார்கள். அதற்கு அவர்கள் சொன்ன உதாரணங்களில் கார் ரிப்பேரும் ஒன்று. ஆசிரியருக்கு இன்றைக்கும் அந்த வாட்டர் பம்ப் உண்மையிலேயே கெட்டுப்போயிருந்ததா என்று தெரியாது.

இதில் வண்டிக்காரருக்கும் பங்கு இருக்கிறது. மூன்று ஒர்க்ஷாப்பிலும் அவர் சொன்னது ஒரே வாக்கியம்: "வண்டி ஹீட் ஆகுது." எங்கே, எப்போது, எவ்வளவு நேரத்தில் என்பதெல்லாம் அவருக்கு மட்டும்தான் தெரியும். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அடுத்த மெக்கானிக்கிடம் போகும்போது "ஏற்கனவே இவ்வளவு செலவு பண்ணியாச்சு, இன்னும் கொஞ்சம்தானே" என்ற எண்ணம் வேறு. போன பணம் போனதுதான். அதைக் காரணமாக வைத்து அடுத்த செலவை முடிவு செய்யக் கூடாது என்று கணக்குப் பாடத்தில் படிக்கிறோம், வாழ்க்கையில் மறந்துவிடுகிறோம்.

சில எதிர்வாதங்கள்

"அனுபவமுள்ள மெக்கானிக் காதால் கேட்டே சொல்லிவிடுவார்" என்பார்கள். வால்வு சத்தத்தைச் சொல்லலாம், பேரிங் சத்தத்தைச் சொல்லலாம். மூடி விட்டுவிட்ட அழுத்தத்துக்குச் சத்தம் கிடையாது. அனுபவம் என்பது சரியான கேள்வியைக் கேட்பதில் இருக்கிறது. ரேடியேட்டர் கடைப் பெரியவர் செய்ததும் அதுதான்.

"இவ்வளவு தொல்லை எதற்கு, பழைய வண்டியை விற்றுவிட்டுப் புதுசு வாங்கலாமே?" இது பணம் இருப்பவர்களின் வாதம். 1983 டிசம்பரில் ரோட்டுக்கு வந்த மாருதி 800-ன் உற்பத்தி 2014 ஜனவரியில் நின்றுவிட்டது. இன்றைக்கு ஓடுகிற வண்டிகளில் கடைசியாக வந்ததற்கே 10 வயதுக்கு மேல். அவற்றை இன்னும் வைத்திருப்பவர்களில் பலர் ஆசைக்காக வைத்திருக்கவில்லை, வேறு வழியில்லாமல் வைத்திருக்கிறார்கள். மேலும், கோளாறு என்னவென்று தெரியாமலேயே விற்றால் அந்தக் கொதிக்கும் இன்ஜினை இன்னொரு ஏழையின் தலையில் கட்டுகிறோம். அகெர்லாஃப் சொன்ன சந்தை இப்படித்தான் உருவாகிறது.

"இன்சூரன்ஸ் இருக்கிறதே?" என்றால், இல்லை. சாதாரண மோட்டார் பாலிசியில் தேய்மானமும் இயந்திரக் கோளாறும் சேராது. சூடான பிறகும் ஓட்டி இன்ஜின் போனால் அது முழுக்க உங்கள் பாக்கெட்டிலிருந்துதான்.

ஆகவே...

முள் சிவப்பைத் தொட்டால் ஏசியை அணைத்து, ஓரமாக நிறுத்தி, இன்ஜினை ஆஃப் செய்ய வேண்டும். "இன்னும் ரெண்டு வளைவுதானே" என்று ஓட்டக் கூடாது. ஹெட் வளைவது அந்த இரண்டு வளைவில்தான். சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தத்தில் இருக்கும் தண்ணீர் முகத்தில் பாய்ந்து வெந்துவிடும். கொதிக்கும் இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதும் தப்பு. அரை மணி நேரமாவது ஆற வேண்டும். போர் தண்ணீரை விட்டுவிட்டு, கூலண்ட்டும் சுத்திகரித்த தண்ணீரும் பாதிக்குப் பாதி ஊற்றினால் உப்பும் படியாது, துருவும் பிடிக்காது, கொதிநிலையும் சில டிகிரி கூடும். கூலண்ட் லேசாக இனிக்கும், ஆனால் விஷம். குழந்தைகளும் நாயும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

இவை எல்லாம் யாரும் சொல்லிக்கொடுக்கக் கூடிய விஷயங்கள். மாற வேண்டியது வேறு ஒன்று. டாக்டருக்குப் பீஸ் கொடுத்துத்தான் மருந்துச் சீட்டு வாங்குகிறோம். "ஒண்ணும் இல்ல, சாதாரண ஜுரம்தான்" என்று அவர் சொன்னால் பீஸைத் திருப்பிக் கேட்பதில்லை, நிம்மதியாக வீட்டுக்கு வருகிறோம். மெக்கானிக்கிடம் மட்டும் "சும்மா பாத்துச் சொல்லுப்பா" என்கிறோம். அந்தச் "சும்மா"வின் விலைதான் 22,000 ரூபாய்.

ஒர்க்ஷாப் பில்லில் "கோளாறு கண்டுபிடித்த கூலி" என்று ஒரு வரி வர வேண்டும். அதை முகம் சுளிக்காமல் நாம் கொடுக்க வேண்டும். 500 ரூபாய் கொடுத்து அரை நாள் சோதித்து "மூடிதான்" என்று ஒருவர் சொன்னால், அவர் நமக்கு 21,000 ரூபாய்க்கு மேல் மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கிறார். அப்படிப்பட்டவருக்கு வருமானம் இருந்தால்தான் அப்படி நாலு பேர் உருவாவார்கள்.

ஆசிரியரின் கார் இப்போது 20 வளைவும் ஏறுகிறது. தெர்மோஸ்டாட் திரும்ப வந்துவிட்டது, மூடி புதுசு. டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வைத்திருக்கிறார். முள் நடுவைத் தாண்டினால் தேதி, இடம், ஏற்றமா சமவெளியா என்று அதில் எழுதுகிறார். பாட்டி பின் சீட்டில் தூங்கிக்கொண்டு போகிறார்.

உங்கள் வீட்டிலும் ஒரு பழைய வண்டி இருந்தால், அடுத்த தடவை ஒர்க்ஷாப்பில் "என்ன மாத்தணும்?" என்று கேட்பதற்கு முன்னால் "கண்டுபிடிக்க எவ்வளவு?" என்று கேட்டுப் பாருங்கள். அந்த மெக்கானிக் முதலில் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார். அப்புறம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு, "எப்ப சார் சூடாகுது?" என்று கேட்பார்.